பழைய அலுமினிய ரோடு சைக்கிளுக்குப் புதிய கியர்: பின்கவையை விரிக்கலாமா?

கேள்வி:
"1986ஆம் ஆண்டு அலுமினிய ரோடு சைக்கிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பின்கவையில், அதாவது பின்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கைகளுக்கு நடுவே, இடைவெளி 126 மில்லிமீட்டர். 11 வேகக் கியர் பொருத்த ஆசை. புதிய சக்கரத்தின் நடு உருளையான ஹப்பின் அகலம் 130. வெறும் 4 மில்லிமீட்டர்தானே, பின்கவையை விரித்துவிட்டால் ஆகாதா?"

மார்ச் 4, காலை

விரிக்காதீர்கள்.

இரும்புச் சட்டத்தில் இதைச் செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். எஃகு வளைந்த இடத்தில் நின்றுகொள்ளும், அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உழைக்கும். அலுமினியத்தின் குணம் வேறு. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழான விசையை எத்தனை இலட்சம் முறை கொடுத்தாலும் அது சோர்ந்துபோகாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்னச் சின்ன விசையும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். நாற்பது ஆண்டுகள் ஓடிய சட்டம் ஏற்கெனவே நிறையக் கணக்கு வைத்திருக்கும். அதன்மேல் ஒரே இழுப்பில் 4 மில்லிமீட்டரை ஏற்ற வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் பிரேம் வெல்டிங் செய்ததா, ஒட்டியதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் இரண்டும் உண்டு. ஒட்டிய பிரேம் என்றால் இணைப்பில் இருக்கும் பசை முதலில் விடும்.

11 வேகம் என்பதையும் மறந்துவிடுங்கள். ரோடு சைக்கிளின் 11 வேகக் கேசட்டுக்கு, அதாவது பின்பக்கப் பல்சக்கர அடுக்குக்கு, ஹப்பில் அது ஏறும் உடல் 8, 9, 10 வேகத்துக்கு உரியதைவிட 1.85 மில்லிமீட்டர் நீளமாக வேண்டும். 126க்குள் அதற்கு இடமில்லை.

மார்ச் 4, இரவு

காலையில் ஏன் அவ்வளவு கறாராக எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் முதல் அலுமினிய சைக்கிளில் இதே வேலையைச் செய்தேன். நீளமான மரைக்கம்பி ஒன்று, இரண்டு நட்டு, இரண்டு தடித்த வாஷர். பின்கவையின் உள்பக்கம் கோத்து, நட்டுகளை வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டே போனேன். 130 வரும்வரை திருகி விட்டால் மீண்டும் 126க்கே வரும். 135, 138 என்று போய்விட்டுத் திரும்பினால்தான் 129இல் நிற்கும். அப்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது, நகம் ஒடிவது போல. பெயின்ட் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் ஓடியது. ஒரு நாள் துடைக்கும்போது, செயின் பக்கத்துக் கீழ்க்குழாயும் குறுக்குப் பாலமும் சேரும் வெல்டிங்கின் ஓரத்தில் துணியின் நூல் ஒன்று சிக்கியது. விரலால் தடவினேன், ஒன்றும் தெரியவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது தலைமயிர் அளவுக்கு ஒரு கருப்புக் கோடு, வெல்டிங்கைச் சுற்றி அரை வட்டம். அதோடு அந்த பிரேமின் கதை முடிந்தது. அது போகும்போது எனக்கு ஒரு கீறலும் இல்லை, அந்த நூலுக்குத்தான் நன்றி.

மார்ச் 5

"பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர்தான், கையால் விரித்து ஹப்பை நுழைத்துவிடலாம், வளைக்கவே வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் இப்படி ஓட்டுகிறார்கள் என்பது உண்மை. இது நிரந்தரமாக வளைப்பது அல்ல, வில்லைப் போல விரித்துப் பிடிப்பது, வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த இழுவிசை இரவும் பகலும் வெல்டிங்கின்மேல் உட்கார்ந்திருக்கும். ஹப்பின் இரு நுனியிலும் கவையின் தகடுகள் இணையாக நிற்காமல் சாய்ந்து நிற்கும், அச்சுக்கும் அது நல்லதல்ல.

ஹப்பைக் குறுக்க வழி இருக்கும்போது பிரேமை ஏன் விரிக்க வேண்டும்? ஹப்பின் வாஷர் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

மார்ச் 8

இந்தப் பேச்சுக்குப் பொருத்தமாக, சித்தப்பாவின் பழைய சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். தடித்த குழாய்கள், வெல்டிங் செய்த அலுமினிய பிரேம், எஃகு ஃபோர்க், பின் இடைவெளி 126. உங்களுடையது எப்படியோ இதுவும் அப்படியே. நான் செய்வதை இங்கேயே எழுதுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

எந்தப் பொருளும் வாங்குமுன் பிரேமை முழுவதும் கழுவிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய இடங்கள்: தலைக்குழாய்க்குக் கீழே சாய்குழாயின் அடிப்பக்கம், பெடல் அச்சுக் கூட்டைச் சுற்றி, சீட் கம்பியை இறுக்கும் பிளவின் நுனி, பின்கவைத் தகடுகள், கேபிள் தாங்கிகளை அறைந்திருக்கும் ஆணிகள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் அதன் கீழே வெள்ளைப் பொடி இருக்கும், அலுமினியம் அரிக்கும் அடையாளம் அது. எஃகு போல்ட் தொடும் இடத்திலெல்லாம் இது வரும். சித்தப்பாவின் சைக்கிளில் தண்ணீர்ப்புட்டித் தாங்கியின் ஒரு போல்டைச் சுற்றி மட்டும் இருந்தது. சுரண்டிப் பார்த்தேன், பள்ளம் ஆழமில்லை.

சீட் கம்பிதான் அழவைத்தது. அலுமினியத்துக்குள் அலுமினியம், நடுவே கிரீஸ் இல்லாமல் பல ஆண்டு வியர்வையும் மழையும். இரண்டு நாள் ஊடுருவும் எண்ணெய் விட்டேன். மூன்றாம் நாள் கம்பியின் தலையைப் பட்டறை வைஸில் பிடித்து, பிரேமையே நெம்புகோலாக வைத்துத் திருப்பினேன். முதலில் ஒரு கிறீச். அப்புறம் தலைமயிர் அளவு, விரல் அளவு. வெளியே வந்தபோது கம்பியின்மேல் சாம்பல் நிறத்தில் உப்பு போல ஒட்டியிருந்தது. காஸ்டிக் சோடா ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அது இரும்புச் சட்டத்துக்குச் சொல்லும் வைத்தியம். இங்கே கம்பியோடு பிரேமையும் தின்றுவிடும்.

மார்ச் 11

ஹப் வேலை.

9 வேக ஹப், 130. குண்டுகளைத் தாங்கும் கோன், வாஷர், நட்டு வகையறா. அச்சு 10 மில்லிமீட்டர், நீளம் 141. இடப்பக்க நட்டைக் கழற்றி 4 மில்லிமீட்டர் வாஷர்களை எடுத்துவிட்டேன். வலப்பக்கம் கை வைக்கவில்லை. அங்கே குறைத்தால் சிறிய பல்சக்கரம் பிரேமைத் தொடும்.

இப்போது அச்சு இடப்பக்கம் 9.5 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். தகட்டின் தடிமனைவிட அது அதிகமானால் சக்கரத்தைக் கவையோடு இறுக்கும் விரைவுப்பிடி இறுகவே இறுகாது, இறுகியது போலத் தோன்றும். 137க்கு வெட்டினேன். வெட்டுமுன் ஒரு நட்டை உள்ளே ஏற்றி வையுங்கள். வெட்டி அரம் போட்டபின் அந்த நட்டைக் கழற்றி எடுத்தால், நசுங்கிய மரையை அதுவே சீர்செய்துகொண்டு வரும்.

பழைய சக்கரத்தையும் திறந்து பார்த்தேன். அது மரைமேல் திருகும் ஃப்ரீவீல் வகை. அந்த அமைப்பில் வலப்பக்கக் குண்டுகள் ஹப்பின் நடுப்பக்கம் தள்ளி இருக்கும், வெளியே நீண்ட அச்சுக்குத் தாங்கல் இல்லை. அதனால் அச்சு வளையும், ஒடியும். சித்தப்பாவின் அச்சைக் கண்ணாடிமேல் உருட்டினேன். தத்தித் தத்தி உருண்டது. கேசட் ஹப்பில் குண்டுகள் வெளிநுனிக்கே போய்விடுகின்றன. கியர் எண்ணிக்கையை விடுங்கள், இந்த ஒரு காரணத்துக்காகவே பின்சக்கரத்தை மாற்றலாம்.

மார்ச் 12

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இடப்பக்கம் 4 மில்லிமீட்டர் எடுத்தால் ஹப்பின் நடு மாறிவிடும். ரிம் பழைய நடுவிலேயே நிற்கும், அதாவது பிரேமின் நடுவிலிருந்து 2 மில்லிமீட்டர் இடப்பக்கம். இன்று காலை சக்கரத்தை மாட்டியவுடன் இடப்பக்க பிரேக் கட்டையில் உரசியது. சக்கரத்தின் வலப்பக்க ஆரக்கம்பிகளை இறுக்கி, இடப்பக்கத்தைத் தளர்த்தி, ரிம்மை 2 மில்லிமீட்டர் வலப்பக்கம் கொண்டுவந்து மறுபடியும் கோட்டம் எடுக்க வேண்டும்.

மார்ச் 13

2 அல்ல, 3.

சிறிய பல்சக்கரத்தில் செயின் போகும்போது மேல்கவைக் குழாயின் உள்பக்கத்தைத் தொடுகிறது. பெயின்டில் பென்சில் கோடு மாதிரி ஒரு தடம். வலப்பக்கம் 1 மில்லிமீட்டர் வாஷர் சேர்த்து, இடப்பக்கத்தில் இன்னும் 1 எடுத்தேன். மொத்தம் 126 மாறவில்லை, நடு மட்டும் இன்னொரு மில்லிமீட்டர் நகர்ந்தது.

இதன் விலை வேறு விதத்தில் வருகிறது. வலப்பக்கக் கம்பிகள் இறுக, இடப்பக்கம் தளர, இரண்டுக்கும் வேறுபாடு கூடுகிறது. தளர்ந்த கம்பி ஓட ஓட மேலும் தளரும். கம்பித்துளைகள் நடுவிலிருந்து ஒரு பக்கம் விலகியிருக்கும் ரிம்கள் கிடைக்கின்றன. புதிதாகச் சக்கரம் கட்டுபவர்கள் அதையே எடுங்கள். நான் இருக்கும் ரிம்மில் ஓட்டிப் பார்க்கிறேன்.

மார்ச் 15

11 வேகம் பற்றி முதல் நாள் எழுதியது தவறு. ஒருவர் நினைவூட்டினார், நன்றி. கியர் தயாரிக்கும் ஷிமானோவில் 11-34 பல் கொண்ட 11 வேகக் கேசட்டுகள் பழைய 10 வேக ஹப்பிலேயே உட்காரும். பெரிய பல்சக்கரம் உள்நோக்கிக் கம்பிகளின் பக்கம் தொங்குகிறது, அதனால் உடல் நீளம் தேவையில்லை. 11 வேக ஹப்பில் போடும்போதுதான் அதற்கு 1.85 வாஷர் சேர்க்க வேண்டும். ஆக, கேட்டவருக்கு வழி இருக்கிறது, பிரேமைத் தொடாமலே. ஆனால் பின் கியர்மாற்றியையும் லீவரையும் 11க்கு உரியதாகவே வாங்க வேண்டும். எவ்வளவு கேபிள் இழுத்தால் கியர்மாற்றி எவ்வளவு நகரும் என்ற கணக்கு 10இலிருந்து 11க்கு மாறிவிட்டது. ஷிமானோ ரோடு வகையில் 8, 9, 10 பெரும்பாலும் ஒரே கணக்கு. 10 வேகத்திலேயே டியாக்ரா 4700 மட்டும் புதிய கணக்குக்குப் போய்விட்டது. 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய டியூரா-ஏஸ் கியர்மாற்றியும் தனிக்கணக்கு. பழைய உயர்ரகப் பொருளைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

பழைய 7 வேகக் கேசட் ஹப் 126இல் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி: 9 வேகக் கேசட்டைப் பிரித்து, ஒரு பல்சக்கரத்தை நீக்கி, எட்டை மட்டும் ஏற்றுங்கள். 7 வேகத்தில் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் 5 மில்லிமீட்டர், 9 வேகத்தில் ஏறத்தாழ 4.35. கூட்டிப் பாருங்கள், எட்டும் அந்த உடலில் அடங்கும். லீவரும் செயினும் 9 வேகத்துக்கு உரியவை. ஹப்பில் ஒரு வாஷரைக்கூடத் தொட வேண்டாம்.

நான் 9 எடுத்தேன். பல்சக்கர இடைவெளி குறையக் குறைய, பின் கியர்மாற்றியைத் தாங்கும் பழைய ஹேங்கரின் சிறு வளைவும் கியரில் தெரியும். இந்த பிரேமின் ஹேங்கர் கழற்றி மாற்றக்கூடியது அல்ல, சட்டத்தோடு ஒரே துண்டு. அதை நிமிர்த்த ஒருமுறைதான் துணிவேன்.

மார்ச் 16

கியர் லீவரைப் பிரேக் பிடிக்கு மாற்றினால் கேபிள் தாங்கியை எங்கே பொருத்துவது என்று கேட்டிருந்தீர்கள். 1986இல் கியர் லீவர் சாய்குழாயில் இருக்கும். பிரேக் பிடியிலேயே கியர் மாற்றும் முறை ஷிமானோவில் 1990இல்தான் வந்தது. லீவர் உட்காரும் முளை உங்கள் குழாயில் இருந்தால், அதே இடத்தில் கேபிள் நிறுத்தியைத் திருகிவிடலாம், வேலை ஐந்து நிமிடம். பட்டையால் இறுக்கும் வகையாக இருந்தால் அளந்து பார்த்து வாங்குங்கள்: கடைகளில் இருக்கும் பட்டை 28.6 மில்லிமீட்டர் எஃகுக் குழாய்க்கானது, தடித்த அலுமினியக் குழாயைச் சுற்றி வராது. முன் கியர்மாற்றியின் பட்டைக்கும் இதே எச்சரிக்கை, 28.6, 31.8, 34.9 என்று மூன்று அளவு உண்டு.

மார்ச் 19

பிரேக் மாற்றியாயிற்று. இதுவரை செய்ததில் இதுதான் பெரிய மாற்றம்.

சிக்கல் போல்டில். பழைய பிரேமில் பிரேக் போல்ட், பின்சக்கரத்துக்கு மேலே உள்ள பாலத்தை முழுதும் கடந்து மறுபக்கம் சாதாரண நட்டில் நிற்கும். இன்றைய பிரேக்கின் போல்ட் குட்டை, குழல் போன்ற நட்டு துளைக்குள் புதைந்து நிற்கும். அதற்கு 8 மில்லிமீட்டர் துளை வேண்டும். அலுமினியப் பாலத்தில் நான் துளையைப் பெரிதாக்க மாட்டேன். அதனால் ஜோடியை இடம் மாற்றினேன். முன்பிரேக்கின் போல்ட் நீளமானது. அதைப் பின்னால் மாட்டினால் பாலத்தைக் கடந்து வரும், பழைய நட்டே போதும். பின்பிரேக்கை முன்னால் மாட்டினேன். ஃபோர்க் எஃகு என்பதால் அதன் தலையில் பின்பக்கத் துளையை மட்டும் 8ஆக்கி, நீளமான குழல்நட்டு போட்டேன். முன்பக்கத் துளை அப்படியே.

27 அங்குலச் சக்கரம் இருந்த சைக்கிள் என்றால் வேறு கணக்கு. அந்த ரிம்மின் விட்டம் 630, 700சி ரிம் 622. பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். நீண்ட கை கொண்ட பிரேக், 47 முதல் 57 வரை எட்டுவது, கேட்டு வாங்குங்கள்.

டிஸ்க் பிரேக் கேட்டவருக்கு: இந்த பிரேமில் கூடாது. அந்த விசை வரும் இடத்தில் இந்தக் குழாய்களைத் தயாரித்தவர்கள் அதை எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 20

"அலுமினியம் உடம்பை உலுக்கும், எவ்வளவு செலவழித்தாலும் எஃகின் சுகம் வராது" என்று எழுதியவருக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அலுமினியத்தின் எடை எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எஃகுக் குழாயின் அளவிலேயே அலுமினியக் குழாய் போட்டால் பிரேம் துவளும். 1970களில் இத்தாலியின் ஆலன், அடுத்து பிரான்சின் வீட்டஸ் 979 எல்லாம் மெல்லிய குழாய்களை இணைப்புகளில் பொருத்திப் பசையால் ஒட்டியவை. அயர்லாந்துப் பந்தய வீரர் ஷான் கெல்லி 1980களில் ஓட்டிக் குவித்த வெற்றிகளில் பல வீட்டஸ்மேல் வந்தவை. அந்த பிரேம்களை ஓட்டியவர்கள் யாரும் அவை விறைப்பு என்று சொல்வதில்லை, துவளும் என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவில் கேரி க்ளைனும், 1983இல் சைக்கிள் செய்யத் தொடங்கிய கேனன்டேலும் குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கினார்கள். சுவர் மாறாமல் விட்டம் இரட்டித்தால் எடை இரண்டு மடங்கு, வளைவை எதிர்க்கும் திறன் எட்டு மடங்கு. அலுமினியம் விறைப்பு என்ற பெயர் வந்தது குழாயின் உருவத்தால்தான்; உலோகத்தின் இயல்பு அதற்கு நேர் எதிர்.

அந்த விறைப்பும் பெடல் மிதிக்கும்போது பக்கவாட்டில்தான் நன்றாகத் தெரியும். மேலிருந்து கீழே எந்த பிரேமும் டயர் அமுங்கும் அளவுக்கு அமுங்காது. சித்தப்பா ஓட்டிய காலத்தில் 20, 21 மில்லிமீட்டர் டயரைக் கல்லாகக் காற்றடித்து ஓட்டினார்கள். உலுக்கியது அதுதான். இந்த பிரேமில் 25 போட்டுவிட்டேன். 28 பின்கவையில் நுழைந்தது, ஆனால் இருபக்கமும் 2 மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. ஒரு கல் ஒட்டினால் குழாயைச் சீவிவிடும். வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அகன்ற ரிம்மில் டயர் எழுதியிருப்பதைவிடப் பெருத்து நிற்கும், அதையும் அளந்து பாருங்கள்.

மார்ச் 27

பெடல் அச்சு. இந்த பிரேமில் 68 மில்லிமீட்டர் கூடு, ஆங்கில மரை. வலப்பக்கக் கிண்ணம் இடது மரை, கழற்ற வலமாகத் திருப்ப வேண்டும். இதை மறந்து முழு பலத்தையும் காட்டினால் கிண்ணம் இன்னும் இறுகும், இல்லையேல் மரை உரியும்.

வெளியே குண்டுகள் நிற்கும் புதிய வகை போடுவதாக இருந்தேன். அதற்குக் கூட்டின் இரு முகமும் இணையாகச் செதுக்கப்பட்டிருக்க வேண்டும், இதில் பெயின்ட் படிந்து மேடுபள்ளமாக இருக்கிறது. சதுர முனை அச்சுள்ள மூடிய வகையையே போட்டேன். கிராங்க் பழையதே. பார்க்கவும் அதுதான் பொருத்தம். மரையில் கிரீஸ் தாராளமாக.

ஸ்டெம்மும் மாற்றவில்லை. ஓர் அங்குல மரை ஃபோர்க்குக்கு 22.2 தண்டு, இன்றைய 31.8 ஹேண்டில்பார் வேண்டுபவர்களுக்கு இடையில் போடும் துண்டு கிடைக்கிறது. வெளியே எடுக்கும்போது தண்டில் எழுதியிருக்கும் உயர எல்லைக் கோட்டைத் தாண்டாதீர்கள்.

மார்ச் 5 அன்று எழுதியதைக் கொஞ்சம் திருத்துகிறேன். 128 அளவு ஹப்பை 126 கவையில் கையால் விரித்து மாட்டுபவரிடம் போய் இது ஆபத்து என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர், பழைய பிரேம்களின் அளவே அவ்வளவு முன்பின் இருக்கும். மரைக்கம்பி போட்டு வளைப்பதைப் பற்றிச் சொன்னதில் ஓர் எழுத்தும் மாற்றமில்லை.

ஏப்ரல் 6

ஓட்டிவிட்டேன். மூன்று காலை, மொத்தம் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

ஹேங்கரை அளவுகோல் மாட்டிப் பார்த்தபோது கீழே 4 மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தது. மெதுவாக, ஒரே திசையில், ஒரே முறை. மீண்டும் முன்னும் பின்னும் ஆட்டவில்லை. 1 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது நிறுத்திக்கொண்டேன். ஒன்பது கியரும் விழுகின்றன. மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போகும்போது மட்டும் அரைச் சுற்று யோசிக்கிறது.

சித்தப்பாவை ஏற்றி ஒரு சுற்று விட்டேன். இறங்கியவுடன் கியரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிரேக்கை இரண்டு விரலால் பிடித்துப் பிடித்து விட்டார். "அப்போதே இது இருந்திருந்தால்" என்றார். முழங்கையில் இருக்கும் தழும்பைத் தடவிக்கொண்டார்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் கவையை மறுபடி அளந்ததில் 127 என்று எழுதியிருக்கிறீர்கள். வெர்னியரைத் தகட்டின் முன்பக்கம், நடு, பின்பக்கம் மூன்றிலும் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக வராவிட்டால் யாரோ உங்களுக்கு முன்பே விரித்திருக்கலாம். அப்படியானால் எதையும் வாங்காதீர்கள். முதலில் கீழ்க்குழாய்ப் பாலத்தின் வெல்டிங்கைத் துணியால் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்துப் போடுங்கள்.

என் சக்கரத்தில் இடப்பக்கக் கம்பி இரண்டு தளர்ந்திருந்தன, எதிர்பார்த்ததுதான். கால் சுற்று இறுக்கிக் கோட்டம் எடுத்தேன். இன்னொரு 200 ஓடியபின் மறுபடி பார்த்து எழுதுகிறேன். மீண்டும் தளர்ந்தால் துளை விலகிய ரிம்மில் சக்கரத்தைப் புதிதாகக் கட்டிவிடுவேன்.